எல்லாப் படகுக்கும் கேட்டது

நான் பல் டாக்டர். வாரத்தில் ஐந்து நாள் நான் பேசுவேன்; எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். மறுத்துப் பேச அவருக்கு வழியே இல்லை. இருபது வருஷம் இப்படிப் பழகிவிட்டால் எந்த மனிதனுக்கும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உசத்தியான எண்ணம் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. அதில் பாதி என் தொழிலைப் பற்றியது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. மறு பாதி நான் படகு ஓட்டும் அழகைப் பற்றியது.

படகு ஒன்றும் பெரிதில்லை. ஒரு பாய்மரம், இரண்டு பாய், ஒரு சின்ன இன்ஜின். உள்ளே மூன்று பேர் படுக்கலாம். நாங்கள் மூன்று பேர்தான். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகளுக்குப் பதினெட்டு வயது. குழந்தையாக இருந்தபோது படகின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே நடப்பாள். அதனால் படகுக்காரர்கள் அவளுக்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் ஆறு குடும்பங்கள் ஆறு படகில் கிளம்புவோம். நாலு மணி நேரத்தில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு சின்ன விரிகுடா வரும். அங்கே நங்கூரம் போட்டுவிட்டு ஞாயிறு மத்தியானம் வரை கிடப்போம். அங்கே சிக்னல் இல்லை, போன் எடுக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே என் மனைவி வருவாள் என்று நினைக்கிறேன். ரப்பர் படகில் துடுப்புப் போட்டு ஒருவர் படகுக்கு ஒருவர் போவோம். சீட்டாட்டம், டீ, கடன் வாங்கிய ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்காத சண்டை, யார் வீட்டுப் பையன் யாரோடு சுற்றுகிறான் என்ற ஆராய்ச்சி. ஊரில் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்கிற அளவுக்குத்தான் எங்களுக்குள் பொருத்தம். தண்ணீரில் மட்டும் உறவுக்காரர்களைவிட ஒரு படி மேல்.

எல்லாப் படகிலும் ரேடியோ உண்டு. எப்போதும் ஒரே சானலில் திறந்தே இருக்க வேண்டும் என்பது ஜட்ஜ் ஐயா போட்ட சட்டம். அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால் சட்டங்களை எங்கள் மேல் போடுகிறார். ரேடியோ மைக்கில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நாம் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். அழுத்தியிருக்கிற வரைக்கும் வேறு யாரும் குறுக்கே பேச முடியாது. என் படகில் அந்த மைக்கை மாட்டும் கொக்கி உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்றைக்குச் செய்கிறேன், நாளைக்குச் செய்கிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் பேக்கரிக்காரர் படகில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அவருடைய படகுதான் எங்களில் பெரியது. மேஜையைச் சுற்றி அவர், அவர் மனைவி, ஜட்ஜ் ஐயா, நான். பேக்கரிக்காரர் மனைவியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சுவரில் இருந்த ரேடியோ திடீரென்று கரகரத்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுத்தது என் மனைவியின் குரல்.

"இந்த மனுஷன் ஈரத் துண்டைக் காயப் போடவே மாட்டாரா? எல்லாத்தையும் மெத்தை மேல குமிச்சு வெச்சிருக்காரு பாரு."

பேக்கரிக்காரர் சீட்டைக் கீழே வைத்தார். "டாக்டர், உங்க மைக் எது கீழயோ மாட்டிக்கிட்டிருக்கு. அவங்க பேசுறது எல்லாப் படகுக்கும் கேக்குது" என்று சொல்லி ரேடியோவை அணைக்கக் கை நீட்டினார்.

நான்தான் தடுத்தேன். என் வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி.

"இருக்கட்டும் அண்ணே. நான் இல்லாதப்ப என்னப் பத்தி என்ன பேசுறாங்கன்னு பாப்போம்" என்று எல்லாரையும் பார்த்துக் கண்ணடித்தேன். புகழ்ச்சிதான் வரும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

முதலில் நண்டுவின் குரல் வந்தது. "அக்கா குடுத்த பிஸ்கட் டப்பா அப்படியே இருக்கேம்மா."

"மெதுவாப் பேசுடி, யார் காதுலயாவது விழப்போகுது. போன வாரத்து டப்பாவைக் கடல்ல கொட்டினேன். மீன்கூடக் கிட்ட வரல."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பேக்கரியில் ரொட்டியும் கேக்கும் அவர் கணவர் செய்வது. இந்த பிஸ்கட் மட்டும் அக்காவின் சொந்தக் கைவண்ணம். பேக்கரிக்காரர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முப்பது வருஷமா நான் சொல்ல பயந்ததை டீச்சர் ஒரே வரியில சொல்லிட்டாங்க" என்றார். அக்கா அவர் தொடையில் கிள்ளிய கிள்ளில் சிரிப்பு நின்றது.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நண்டு சொன்னாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"என்னடி?"

"முதல்ல பண்ணு."

"சரி, சத்தியம். சொல்லு."

"அந்தக் கால்நடை டாக்டர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைச்சிருக்கு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் விண்ணப்பித்த கல்லூரி, ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய ஊரில் இருந்தது. ஐந்து வருஷப் படிப்பு. தெருநாய்க்குக் கால் உடைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கே வந்து நிற்கிற பெண் அவள். மூன்று வாரத்துக்கு முன்னால், "லிஸ்ட்ல என் பேர் இல்லப்பா" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "போனா போகுது, இங்கயே ஏதாவது படிக்கலாம்" என்றேன். வெளியே வருத்தமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாளே படகுக்குப் புதிதாக ஒரு பெரிய முன்பாய் வாங்கினேன். ஆள் இருக்கிறாளே, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்ற தெம்புதான்.

ரேடியோவில் என் மனைவி, "அடிப்பாவி! அப்ப லிஸ்ட்ல பேர் இல்லன்னு சொன்னது?" என்றாள்.

"சும்மா சொன்னேன். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். வரேன்னு போன் பண்ணிச் சொல்லலன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. நான் சொல்லப் போறதில்ல."

"ஏன்? பைத்தியமா உனக்கு?"

"அம்மா, அப்பாவுக்குப் படகு ஓட்டத் தெரியாதும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாருடைய அப்பாவையோ சொல்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் ஐயா தன் சீட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஏற்கனவே வரிசையாகத்தான் இருந்தன.

"இடப் பக்கம் திருப்பணும்னா, 'அப்பா, அங்க பாருங்க கொக்கு'ன்னு சொல்வேன். அவர் எங்க பாக்கிறாரோ படகு அங்க போயிடும். வலப் பக்கம்னா மீன் துள்ளுதும்பேன். கயிறெல்லாம் அவர் கட்டினதுக்கப்புறம் நான் போய் அவுத்து மறுபடி கட்டுவேன். நாலு வருஷமா இப்படித்தான் ஓடுது. அவர் ஜம்முன்னு உக்காந்துக்கிட்டு, 'பாத்தியா நண்டு, காத்து எப்படி என் பேச்சைக் கேக்குது'ம்பாரு. நான் போயிட்டா யாரும்மா இதெல்லாம் செய்வா? முதல் வாரமே எதுலயாவது மோதிடுவாரு. அப்புறம் பயந்துக்கிட்டு படகையே வித்துடுவாரு. வாரம் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள பாத்துட்டு, இந்த ரெண்டு நாள்தானே அவர் சிரிக்கிறாரு."

எழுந்து ரேடியோவை அணைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க டாக்டர். புள்ள முழுசா பேசட்டும். இதை நீங்க கேக்கணும்" என்றார். பிஸ்கட் விஷயத்தை அதற்குள் மறந்துவிட்ட பெரிய மனசு.

கூப்பிட்டு நிறுத்தச் சொல்லவும் முடியாது. அந்தப் பக்கம் பொத்தான் அழுந்தியிருக்கிறதே. கடைசியில் மனைவி துண்டுகளை அள்ளினாள் போலிருக்கிறது, கரகரவென்று ஒரு சத்தம், அதோடு ரேடியோ ஓய்ந்தது.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

ஜட்ஜ் ஐயா தொண்டையைக் கனைத்தார். "கொக்கு விஷயம் இப்பத்தான் தெரியும். மத்தது தெரியும்."

"ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நீங்க சும்மா விடுவீங்களா? எங்க எல்லாருக்கும் பல் வலி வரும் இல்ல?" என்றார்.

அன்று சாயங்காலம் ஆறு படகிலும் நடந்த நடிப்பைப் பார்த்திருக்க வேண்டும். என் படகில் மூன்று பேர், மூன்று ரகசியம். மனைவி சத்தியத்தை வாயில் அடக்கிக்கொண்டு தட்டுகளைத் தடால் தடாலென்று வைத்தாள். நான் ஒன்றும் கேட்காதவன் போல மைக்கை எடுத்து மேலே சொருகினேன். நண்டு மட்டும் சந்தோஷமாக இருக்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். சலூன் வைத்திருக்கிறவர் ரப்பர் படகில் வந்தார், காரணமே இல்லாமல், "வெளியூர் போய்ப் படிச்சாத்தான் புத்தி விரியும்னு எங்கப்பா சொல்வாரு" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார், திரும்பிப் போய்விட்டார். அக்கா அன்றைக்கு பிஸ்கட் அனுப்பவில்லை.

படுத்தவன் ஒரு முடிவுக்கு வந்தேன். முட்டாள்தனமான முடிவுதான். ஆனால் அப்போது எனக்கு அது ராஜதந்திரமாகத் தெரிந்தது. தான் இல்லாவிட்டால் படகு ஓடாது என்று அவள் நினைக்கிறாள். ஓடும் என்று காட்டிவிட்டால் ஆயிற்று. தனியாக ஓட்டிக் காட்டுவேன். அப்புறம் எதைச் சொல்லி இங்கேயே இருப்பாள்?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மனைவியையும் மகளையும் பேக்கரிக்காரர் படகில் டீ குடிக்க அனுப்பினேன். "நான் சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்றேன்.

நண்டுவின் முகம் மாறியது. "தனியாவா? நானும் வரேன்ப்பா."

"எதுக்கு? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

நங்கூரத்தை எடுத்தேன். பாய்மரத்தின் பழைய பாயை ஏற்றினேன். அதுவரை சரியாகத்தான் போனது. ஐந்து படகிலும் டீ டம்ளரோடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். நான் கையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் எப்படி நானாவேன்? புது முன்பாயையும் ஏற்றினேன்.

அது காற்றை ஒரே வாயில் விழுங்கியது. படகு சாய்ந்து பாய்ந்தது. முன்பாயின் கயிற்றை நான் தப்பான பக்கம் கட்டியிருந்தேன். அவிழ்க்க முன்னால் ஓடினால் சுக்கான் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியது. சுக்கானைப் பிடிக்கப் பின்னால் ஓடினால் பாய் படபடவென்று அடித்தது. இப்படி நான் மூன்று தடவை முன்னும் பின்னும் ஓடியதை ஆறு குடும்பமும் பார்த்தது. விரிகுடாவின் வாயில் ஒரு மணல் திட்டு உண்டு. சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டிருக்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் நண்டு ஏன் அவ்வளவு கொக்கு பார்த்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பு தவறான பக்கத்தில் கடந்து போயிற்று. அடியில் கர்ரென்று ஒரு சத்தம். படகு நின்றது. நான் நிற்கவில்லை, முன்னால் பாய்ந்து போய்ப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

கடல் இறங்குகிற நேரம். பத்து நிமிஷத்தில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் படுத்துவிட்டது. ரேடியோவில் ஜட்ஜ் ஐயாவின் குரல் வந்தது. "டாக்டர், நங்கூரம் போட வேண்டாம். அதுக்கு அவசியம் இல்ல."

அவமானத்தில் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. என் மகள் நினைத்தது சரிதான் என்று ஊரைக் கூட்டி நானே நிரூபித்துவிட்டேன். நீர் ஏறிப் படகு மிதக்க மத்தியானம் மூன்று மணியாகும். அதன் பிறகு கிளம்பினால் போன் எடுக்கிற இடத்துக்குப் போவதற்குள் ஐந்து மணி தாண்டிவிடும். அவளாக வேண்டாம் என்று விட்டது ஒரு பக்கம் இருக்க, இப்போது நானே கதவையும் இழுத்துச் சாத்தியிருக்கிறேன் என்றுதான் அந்தப் பதற்றத்தில் தோன்றியது.

நண்டு ரப்பர் படகில் துடுப்புப் போட்டு வந்தாள். சாய்ந்த தளத்தில் பக்கவாட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "அடிபட்டுச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது.

"எனக்குப் படகு ஓட்டத் தெரியாது" என்றேன்.

"அப்படியெல்லாம் இல்லப்பா. இன்னைக்குக் காத்து அதிகம்."

"பூசி மெழுகாத. நேத்து நீ அம்மாகிட்ட சொன்னதெல்லாம் கேட்டுச்சு. மைக் துண்டுக்கு அடியில மாட்டியிருந்தது."

அவள் வெளிறிப்போனாள். "உங்களுக்கா?"

"எல்லாப் படகுக்கும்."

"எல்லாருக்குமா? பிஸ்கட்டுமா?"

"பிஸ்கட்டும்தான்."

"ஐயோ" என்று முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

"நண்டு, லிஸ்ட்ல உன் பேர் இல்லன்னு நீ சொன்னியே, அன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உனக்கு ஆறுதல் சொல்லிட்டு ரூமுக்குப் போய் சந்தோஷப்பட்டேன். என் பொண்ணு எங்கயும் போக மாட்டான்னு சந்தோஷப்பட்டேன். மறுநாளே இந்தப் பாயை வாங்கினேன். நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கே, நான் அதுல குளிர் காஞ்சிருக்கேன். இதைவிடக் கேவலமா எனக்கு எதுவும் தோணல."

அவள் என் கையை விடவில்லை.

"நீங்க படகை வித்துடுவீங்கப்பா."

"விக்க மாட்டேன். வித்தாத்தான் என்ன? ஓட்டத் தெரியாதவன் அடுத்தவன் படகுல ஏறி உக்காந்து டீ குடிக்கப் போறான். தெரியலன்னா கத்துக்கணும். அம்பது வயசுல கத்துக்க வெக்கமா இருந்தா கரையில நிக்கணும். அதுக்காக நீ அஞ்சு வருஷம் எனக்குக் கொக்கு காட்டிட்டு உக்காந்திருக்கணுமா?"

"நான் போயிட்டா நீங்க அழுவீங்க."

"அழுவேன்தான். தினமும் அழுவேன். அழுதா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, நான் டாக்டர் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை என் சட்டையிலேயே துடைத்தாள். பதினெட்டு வருஷமாக அந்தச் சட்டைகளுக்கு அதுதான் வேலை.

"மணி ஒன்பதரை ஆச்சு. பேக்கரிக்காரர் படகுல பெரிய இன்ஜின் இருக்கு. இப்பக் கிளம்பினா பன்னிரண்டரைக்குப் போன் எடுக்கும். நீ அவங்களோட போ" என்றேன்.

"படகு எழும்பும்போது யார் பாத்துப்பா? கயிறு பூரா சிக்கியிருக்கு. நான் இருந்து..."

"நண்டு." இத்தனை வருஷத்தில் அந்தப் படகில் நான் எவ்வளவோ உத்தரவு போட்டிருக்கிறேன். கத்திப் போட்டதெல்லாம் வீண். இதை மெதுவாகத்தான் சொன்னேன். "இறங்கு. போய் வரேன்னு சொல்லு. எனக்காக எதையாவது செய்யணும்னா இதைச் செய்."

சிக்கிக் கிடந்த கயிற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சரிப்பா. சொல்றேன்" என்றாள்.

ரப்பர் படகில் அவள் போனாள். அதே படகில் என் மனைவி வந்தாள். வந்ததும் வராததுமாகச் சாய்ந்து கிடந்த அடுப்பை ஒரு உதை விட்டு நேராக்கினாள். "ரெண்டு பேரும் பேசியாச்சா?" என்றாள். தலையாட்டினேன். "எனக்குப் பாதி உசுரு திரும்பி வந்துது. நேத்திலிருந்து அந்தச் சத்தியம் என் தொண்டையில முள்ளா நின்னுச்சு" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள். படகு சாய்ந்திருந்ததால் வேறு வழியும் இல்லை.

பேக்கரிக்காரர் படகு இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு திட்டைச் சுற்றி வந்தது. அக்கா கையாட்டினார். நண்டு பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கடக்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா! தண்ணி ஏறினதும் முதல்ல முன்பாயை இறக்குங்க! அம்மா, அந்த நீலக் கயிறு, அதை அப்பா தொடாம பாத்துக்க!"

"சரி!" என்று கத்தினேன்.

"இன்ஜின் போடுறதுக்கு முன்னாடி கயிறு ஏதாவது தண்ணியில தொங்குதான்னு பாருங்க! அப்புறம் படகுத்துறைக்கு வரும்போது..."

அங்கே இன்ஜின் சத்தம் அவள் குரலை மூடிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுப்பது போலவும் சுற்றுவது போலவும் முடிச்சுப் போடுவது போலவும் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். குன்று மறைக்கிற வரைக்கும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. எல்லாம் புரிந்தவன் போல, அவள் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.